லேப்டாப்புக்குப் போட்ட வெள்ளிக் காப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் பல நாள் ஊறிக் கிடந்து பிறந்ததெல்லாம் இல்லை. நான் உளறிய ஒரு உளறலிலிருந்து வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் குராலாய் அக்காவுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது, உங்களுக்கும் இந்தக் கதை வந்திருக்காது. இரண்டில் எது பெரிய நன்மை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கஜகஸ்தானில், சிம்கென்ட் நகரத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லேப்டாப் கடையில் வேலை செய்கிறேன். மருத்துவம் படிக்க இங்கே வந்து, இரண்டாம் ஆண்டில் பிணவறையிலிருந்து வெளியே ஓடியவன், ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டுப் பதினேழு வருடமாக இங்கேயே இருக்கிறேன். இடையில் இரண்டு புத்தகம் எழுதினேன். அவற்றை வாங்கியவர்கள் எல்லோரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

ஐரோப்பாவில் ஏதேதோ அலுவலகங்கள் நாலைந்து வருடம் உழைக்கவிட்டுக் கழித்துப்போடும் லேப்டாப்கள் எங்கள் கடைக்கு மொத்தமாக வரும். கீபோர்டில் தங்கிய ரொட்டித் தூளை பிரஷால் தட்டுவது, ஃபேனைக் கழற்றித் தூசி ஊதுவது, டிஸ்க்கை மாற்றுவது, இந்த ஊர் எழுத்துகளை ஸ்டிக்கராக ஒட்டுவது என் வேலை. மூடியில் பழைய கம்பெனி தன் சொத்து எண்ணைப் பொறித்திருக்கும். அதன் மேல் சாம்பல் நிற ஃபிலிம் ஒன்றைக் குமிழி விழாமல் ஒட்டுவேன். வெளியே பலகையில் 'புதியது போலவே' என்று எழுதியிருக்கிறோம். அந்தப் 'போலவே'யை மட்டும் சின்னதாக எழுதியது நான்தான். எழுத்தாளன் என்பதற்காக எனக்குக் கொடுத்த வேலை அது.

2

தொடக்கம் ஒன்று: 'தூரத்து மலையில் பனி உருகிக்கொண்டிருந்த ஒரு காலையில், குராலாய் கையில் பெட்டியோடு பேருந்திலிருந்து—'

வேண்டாம். என் கதையில் மலை வந்தால் நான் எதையோ மறைக்கிறேன் என்று அர்த்தம்.

தொடக்கம் இரண்டு: 'நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண் தன் வாழ்க்கையில் முதன்முதலாகத் தனக்கென்று—'

இதுவும் வேண்டாம். அவள் தனக்கென்று இதற்கு முன்பும் வாங்கியிருக்கிறாள். செருப்பு, மூக்குக் கண்ணாடி, ஒரு விவாகரத்து. மூன்றாவதைச் சேர்க்கும்போதே என் கை கொஞ்சம் துள்ளியது. எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு கெட்ட புத்தி உண்டு, மன்னியுங்கள்.

தொடக்கம் மூன்று, துள்ளாமல்: குராலாய் எங்கள் பக்கத்துத் தெரு. கால்நடை மருத்துவ நிலையத்தில் பதிவு எழுத்தர். ஆடு, மாடு, குதிரை எதுவானாலும் காதில் எண் குத்தி, அல்லது தோலுக்கடியில் சில்லு வைத்து, கணினியில் ஏற்ற வேண்டும். நிலையத்துக் கணினி போன கோடையில் புகைந்துபோனது. புதியது வருகிறது வருகிறது என்றார்கள், குளிர்காலம் வந்தது, கணினி வரவில்லை. வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து வேலையைப் பாருங்கள் என்று மேலிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டது. வீட்டில் இருந்தது ஒரு தையல் மெஷின்.

அப்படித்தான் கடைக்கு வந்தாள். தொண்ணூறாயிரம் தெங்கே விலையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பேட்டரி ஐம்பது நிமிடம்தான் நிற்கும், எப்போதும் சுவரோடு கட்டித்தான் வைக்க வேண்டும் என்று சொன்னேன். எங்க மாட்டையும் அப்படித்தான் கட்டுறோம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பாக்குறவங்களுக்குப் புதுசு மாதிரி இருக்குமா தம்பி?"

"இருக்கும்க்கா."

"எத்தனை நாளைக்கு?"

"யாராவது ஃபேன் சத்தத்தைக் கேக்குற வரைக்கும்."

அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு இது வழக்கமான வரவேற்பு. ஈடுகட்ட நினைத்து, பழுப்பு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுக்கும்போது மேலே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினேன். நடந்த கேடுகளில் என் பங்கு ரிப்பனில் தொடங்குகிறது.

3

இனி ரிஸ்தியைக் கொண்டுவர வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் வில்லி மாதிரி எழுதிவிடுவேனோ என்று பயம். முதல் வரைவில் அவளுக்கு மீசை இருந்தது. எடுத்துவிட்டேன்.

ரிஸ்தி, குராலாயின் கணவர் கென்ஜெபெக்கின் அக்கா. அறுபது வயது. இரண்டு தெரு தள்ளி வீடு, ஆனால் தம்பி வீட்டுக்கு ஒரு நாள் தவறாமல் வருவாள். வந்தால் அலமாரி மேல் விரலை ஓட்டித் தூசி பார்ப்பாள். அந்த வீட்டில் திரைச்சீலை, கிண்ணங்கள், கம்பளம் எல்லாம் கென்ஜெபெக்கின் முதல் மனைவி வாங்கியவை. அவள் நோயில் இறந்து மூன்று வருடம் கழித்துத்தான் குராலாய் வந்தாள். விவாகரத்தானவள், நாற்பத்திரண்டு வயது. அதனால் சத்தமில்லாமல் கூட்டி வந்தார்கள். பதிவு அலுவலகம், பிறகு ஒரு டீ. மணப்பெண்ணின் முகத்திரையை விலக்கிச் சொந்தக்காரர்களுக்குக் காட்டும் சடங்கு அவளுக்கு நடக்கவில்லை. இந்த வயசுல என்ன முகத்தைத் திறக்குறது, திறந்துதானே இருக்கு என்று அன்றைக்கு ரிஸ்தி சொன்னதாகத் தெருவே சொல்லும்.

(*இங்கே ஒரு அடிக்குறிப்பு வேண்டும், அதை அடிக்கு அனுப்பாமல் இங்கேயே வைக்கிறேன். புதிதாக ஒரு பொருள் வாங்கினால், அதை முதலில் பார்க்கிறவர் ஏதாவது கொடுக்க வேண்டும். சட்டையோ, சேணமோ, காரோ. அதற்குப் பெயர் பைகஸி. வந்தது உயிருள்ளது என்றால், அதாவது பிறந்த குழந்தை, குதிரைக்குட்டி, மணப்பெண் என்றால், முகம் பார்த்ததற்குக் கொடுப்பது கொரிம்திக். பழைய பொருளுக்கு எதுவும் கிடையாது. இரண்டையும் மாற்றிச் சொன்னால் இந்த ஊர்க் குழந்தைகள்கூடச் சிரிக்கும். என்னைப் பார்த்துச் சிரித்திருக்கின்றன.)

குராலாய் ரிப்பன் கட்டிய பெட்டியோடு வந்தபோது ரிஸ்தி வாசல் கதவருகே நின்றாள். பெட்டியைப் பார்த்தாள், ரிப்பனைப் பார்த்தாள். தம்பி மனைவியையும் இங்கே மருமகள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன மருமகளே, புதுசா? இல்ல எவனோ போட்டுக் கழிச்சதா?"

குராலாய் யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"புதுசு அண்ணி."

ஒரு சொல்தான். அதைத் திரும்பப் பிடிக்க ஆளில்லை, பிடிக்க விருப்பமும் இல்லை. அந்த வீட்டுக்குள் அவள் பெயரில் வரும் முதல் புதுப்பொருள் என்று ரிஸ்தியே அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தம்பி வீட்டில் டீக்கு அழைத்துவிட்டாள்.

4

டீ. பதினெட்டுப் பேர், பக்கத்துத் தெரு என்பதால் என்னையும் சேர்த்துப் பத்தொன்பது. வாசலுக்கு எதிரே, வீட்டின் பெரிய மனிதர் உட்காரும் இடத்தில், ஒரு பட்டுத் திண்டு போட்டு லேப்டாப்பை உட்கார வைத்திருந்தார்கள். மூடி திறந்து, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் ஒட்டிய ஃபிலிமில் ஒரு குமிழிகூட இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரிஸ்தி ஒரு பிடி மிட்டாயை எடுத்து அதன் மேல் வாரி இறைத்தாள். குழந்தைகள் பாய்ந்து பொறுக்கினார்கள். ஒரு மிட்டாய்த் தாள் ஃபேன் ஓட்டையை அடைத்துக்கொள்ள, லேப்டாப் கெட்டில் கொதிப்பதுபோல் இரைந்தது. புதுசுன்னா சத்தம் போடத்தான் செய்யும், பழகணும்ல என்று யாரோ சொன்னார்கள். நான் ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினேன்.

ஒவ்வொருவராகப் பைகஸி கொடுத்தார்கள். துண்டு, காலுறை, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக் ஒரு தட்டு, நாலாக மடித்த ஐயாயிரம் தெங்கே. நான் ஒரு மௌஸ் கொடுத்தேன். யாரோ வாங்கிப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்ததைத் துடைத்து உறையில் போட்டிருந்தேன். என் தரம் இதுதான்.

கடைசியில் ரிஸ்தி எழுந்தாள். மணிக்கட்டிலிருந்து ஒரு வெள்ளிக் காப்பைக் கழற்றினாள். அகலமானது, நடுவில் சிவப்புக் கல். அக்கா தம்பி இருவரின் அம்மாவுடையது. முதல் மருமகள் போன பிறகு, தம்பிக்கு அடுத்து வருகிறவள் முகம் காட்டும் நாளில் போட வேண்டும் என்று அம்மா சாகும்போது அவளிடம் ஒப்படைத்தது.

"குடுக்குறதுக்கு இத்தனை நாளா ஒரு நேரம் அமையல. இன்னைக்கு அமைஞ்சிருக்கு" என்று சொல்லி, காப்பைக் கீபோர்டின் மேல் வைத்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். குராலாய் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைக் கவனிக்கவில்லை, மூன்றாவது தட்டு இறைச்சியில் இருந்தேன். கவனித்ததாக இரண்டு வரைவில் எழுதியிருந்தேன். 'அவள் கண்களில் ஏதோ ஒன்று—' என்று வேறு. பொய். ஒன்றும் பார்க்கவில்லை.

5

அடுத்த புதன்கிழமை என் உளறல்.

ரிஸ்தி கடைக்கு வந்தாள். கல்லூரிக்குப் போகும் தன் மகளுக்கு, மருமகளுக்குக் கொடுத்த மாதிரியே புதிதாக ஒன்று வேண்டும் என்றாள். என் மேசையில் அதே மாடலில் பதினொன்று அடுக்கியிருந்தது. இன்னும் ஃபிலிம் ஒட்டவில்லை. ஒவ்வொன்றின் மூடியிலும் பழைய கம்பெனியின் எண், கீறல்கள், ஒன்றில் காபிக் கோப்பை வட்டம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மாரடைப்பு வந்தவன்போல நடித்திருக்கலாம், இரண்டு வருடம் மருத்துவம் படித்தது அதற்காவது உதவியிருக்கும். நான் விற்பனைப் பெருமையில் இப்படிச் சொன்னேன்:

"அதே லாட்டுதான்க்கா. அவங்களோடதும் இந்தக் கூட்டத்துல ஒண்ணு. நாலு வருஷம் ஒரே ஆபீஸ்ல ஓடுனது, கண்டிஷன் பிரமாதம்."

ரிஸ்தி ஒரு மூடியின் மேல் விரலை ஓட்டினாள். அலமாரித் தூசி பார்க்கும் அதே விரல். எண்ணின் மேல் விரல் நின்றது.

"நாலு வருஷம்" என்றாள். அவ்வளவுதான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். சத்தமாகச் சாத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் ரிஸ்தி குராலாய்க்குத் தொலைபேசி செய்தாள். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வரச்சொன்னாள், எல்லோரும் இருப்பார்கள் என்றாள். அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வா என்றாள். காப்பையும் என்றாள்.

6

இங்கே முடிவுகளை வரிசையாக வைக்கிறேன், பிடித்ததைப் புரட்டிப் பாருங்கள்.

அ. ரிஸ்தி பதினெட்டுப் பேர் முன்னால் காப்பைப் பிடுங்குகிறாள். குராலாய் அழுகிறாள். கென்ஜெபெக் எழுந்து முதன்முறையாக அக்காவை எதிர்த்துப் பேசுகிறார். (கென்ஜெபெக் ஆறு வருடத்தில் என்னிடம் பேசியது 'தம்பி, வழி விடு' மட்டும்தான். அவருக்கு ஒரு பக்க வசனம் எழுதிப் பார்த்தேன், அவர் வாயில் நிற்கவில்லை.)

ஆ. ரிஸ்தி, தன் கல்யாணத்து நெக்லஸும் இரவல்தான் என்று ஒப்புக்கொள்கிறாள். கட்டிப்பிடிக்கிறார்கள். இதைத் தொலைக்காட்சித் தொடருக்கு விற்கலாம், என் மனைவி அதைத்தான் சொல்கிறாள்.

இ. லேப்டாப் வழியிலேயே உடைந்துபோகிறது. இது எழுத்தாளன் தப்பிக்கும் வழி, கதாபாத்திரம் தப்பிக்கும் வழி அல்ல.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் கை லேப்டாப், இரண்டாம் தாரம். ஆமாம், எனக்கும் தெரிகிறது. கால் நனையும் ஆழம்தான் இந்த ஒப்புமை. மூன்றாம் பகுதியிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள், பாராதது மாதிரி மரியாதைக்கு இருந்திருப்பீர்கள். நான் அதை வைக்கவில்லை என்று சத்தியம் செய்கிறேன். பிறகு அதில் நீச்சலடித்தேன் என்பதும் உண்மை.

7

சனிக்கிழமை, அதாவது நேற்று முற்பகல், குராலாய் கடைக்கு வந்தாள். லேப்டாப்பை மேசை மேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு கைக்குட்டை முடிச்சு. அதில் காப்பு.

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அதை அப்புறம் கேளு. மொதல்ல ஃபிலிமை உரி."

"ஒரு தடவை உரிச்சா திரும்ப ஒட்டாதுக்கா."

"ஒட்டவா சொன்னேன்?"

முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, மூலையிலிருந்து மெதுவாக உரித்தேன். கீறல்கள் வந்தன. பிறகு எண். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து அந்த எண்ணை வாய்விட்டுப் படித்தாள்.

"இதுக்கும் காதுல நம்பர் குத்தியிருக்கானே" என்றாள். வந்ததிலிருந்து அவள் முகம் லேசானது அப்போதுதான்.

அந்த தைரியத்தில் நான் இந்தக் கதையைப் பற்றிச் சொன்னேன். ஒப்புமையையும் சொல்லித் தொலைத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்னையும் இதையும் ஒரே முளையில கட்டாதே. இதுக்கு நீ ஆறு மாசம் வாரண்டி குடுத்த. எனக்கு யாரு குடுத்தா?"

நான் பிரஷை எடுத்துச் சுத்தமாக இருந்த கீபோர்டைத் தட்டினேன்.

"தினம் நாப்பது உயிரைப் பதியுறேன்" என்றாள். "மாடு வித்தா, வாங்குனவன் பேரை மாத்துவேன். வயசைப் போடுவேன், கைமாறின தேதியைப் போடுவேன். பழசுன்னு போட அதுல கட்டமே இல்ல. எந்த மாட்டையும் நான் பழசுன்னு எழுதுனதில்ல. அப்படி இருக்குறவ வாசல்ல நின்னு புதுசுன்னு சொல்லிட்டேன். அதான் எனக்கு வெக்கம். அண்ணி கண்டுபிடிச்சது இல்ல."

"நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?"

"இதை இப்படியே கொண்டுபோய் வைப்பேன். பொய் சொன்னேன்னு சொல்வேன். இது மேல வச்ச காப்பைத் திருப்பிக் குடுத்துடுவேன். பழசுக்குப் பைகஸி கிடையாது, அது சரிதான்."

"அவ்வளவுதானா?"

"இல்ல." கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் கட்டினாள். "அப்புறம் கையை நீட்டுவேன். ஆறு வருஷமா அந்த வீட்டுல எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்குறாங்க. பாத்ததுக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல. பெட்டிக்குக் குடுக்கத் தோணுச்சு, எனக்குத் தோணல. அதே காப்பை என் கையில போடுங்கன்னு கேக்கப் போறேன்."

"அதைக் கேட்டு வாங்குறதாக்கா?"

"கேக்காம ஆறு வருஷம் இருந்து பாத்தாச்சே."

அன்றைக்கு மூன்றாவது தட்டு இறைச்சியில் இருந்தவன் நான். அவள் சிரித்ததைப் பார்க்காதவன். அதை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

நீயும் வருகிறாயா, அந்த வீட்டில் என் பக்கம் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடையில் சரக்குக் கணக்கெடுப்பு இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். சரி தம்பி என்று சொல்லி லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டாள். இந்த முறை ரிப்பன் கட்டவில்லை.

8

இன்று ஞாயிறு, மதியம் ஒன்றரை. மூடிய கடைக்குள் உட்கார்ந்து, அந்தப் பதினொன்றில் ஒன்றில் இதை எழுதுகிறேன். ரிஸ்தி வீட்டில் இந்நேரம் டீ ஊற்றியிருப்பார்கள். எழுந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். எழுந்திருக்காமல் கதை எழுதுகிறேன்.

'ரிஸ்தி காப்பைக் கையில் எடுத்தாள். எடுத்து—'

எடுத்து என்ன செய்தாள் என்று ஏழு விதமாக எழுதி ஏழையும் அழித்தேன். எழுதினால் அது நான் கொடுத்ததாகிவிடும். நான் கொடுத்தவற்றின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஒரு ரிப்பன், ஒரு மௌஸ்.

இந்தக் கதையே அவளுக்கு நான் கொடுக்கும் கொரிம்திக் என்று முடித்தால் மங்களமாக இருக்கும். ஆனால் அவளுக்குத் தமிழ் தெரியாது. வாங்குகிறவருக்குப் புரியாத பாஷையில் பரிசு கொடுப்பது அந்த மௌஸை விட மோசம். ஆகவே லேப்டாப்பை மூடப் போகிறேன். பன்னிரண்டு நிமிடம் நடப்பேனா, வீட்டுக்குத் திரும்புவேனா என்பது எனக்கே இன்னும் தெரியவில்லை. இதைக்கூட ஒரு உத்தியாகச் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறேன்.

நான் வருவதற்குள் நீங்கள் போய் அங்கே உட்காருங்கள். ரிஸ்தியின் இடம் காலியாக இருப்பதாகவும், காப்பை எடுக்க வேண்டியவர் நீங்கள்தான் என்றும் வைத்துக்கொள்வோம். விரிப்பின் மேல் உங்களுக்கு எதிரே லேப்டாப் இருக்கிறது, கீறலும் எண்ணும் தெரிய, ஃபேன் இரைந்துகொண்டு. அதன் பக்கத்தில் வெள்ளிக் காப்பு. பதினெட்டுப் பேரும் உங்களையே பார்க்கிறார்கள். நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் முகத்தை நீங்களும் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறீர்கள்.